எத்தனை தடவை பேசினார் என்பது இருக்கட்டும், என்ன பதில் வந்தது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பேப்பரில் தென்மாவட்ட எம்.பி.க்களுக்கு மார்க் போட்டது மாதிரி ஒரு பெட்டிச் செய்தி வந்தது. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்வி இத்தனை, கலந்துகொண்ட விவாதம் இத்தனை. அதை ஒருவர் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார், மறுநாளே ஒரு கட்சிக்காரர் பிளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டினார், எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் அதன் கீழே நின்றுகொண்டு 'கேள்விக் கணக்கு கிடக்கட்டும், இலங்கைக்காரன் பிடிச்சிட்டுப் போன படகு வந்துச்சா' என்று சத்தம் போட்டார். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் ரெண்டு நாளைக்கு இதே பேச்சு. நான் யாருக்கும் கொடி பிடிக்கிறவன் இல்லை. எங்கள் எம்.பி. நல்லவரா இல்லையா என்று சொல்லவும் இதை எழுதவில்லை, அவரை விட்டுவிடுவோம். எனக்கு வருத்தம் உங்கள் பேப்பர் மேல்தான்.

பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. ஆனால் கடையில் நிற்க இடமில்லாமல் வேலை வருவது எங்கள் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்த மறுநாள்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நிஜம் அதுதான். விடியற்காலையில் தகவல் வரும், ஒன்பது மணிக்குள் கடைவாசலில் ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பை, அதற்குள் ஆதார், நலவாரிய அட்டை, பேங்க் புத்தகம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்லாதவர்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்து உருவிய படம். மாப்பிள்ளைக் கோலத்தில் மாலையோடு இருக்கிற முகத்தை மட்டும் வெட்டி எடுத்து நான் மனுவில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஐ.என்.டி. டி.என். 10 எம்.எம். என்று தொடங்கும் படகு எண்ணை என் விரல் தூக்கத்தில் கூட அடிக்கும். ஒரு காப்பி கலெக்டருக்கு, ஒன்று மீன்துறைக்கு, ஒன்று முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு, ஒன்று எம்.பி.க்கு. எம்.பி. காப்பியில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: 'தாங்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

ஒரு தடவை ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரர் ரெண்டாவது முறையாகப் பிடிபட்டிருந்தார், அந்த வரியை நான் வாசித்துக் காட்டியதும் கேட்டார்: "ஏந்தம்பி, அங்க பேசுனா என்ன நடக்கும்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்த வரியை அடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் நான். 'பேசுனா நல்லதுதானக்கா' என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்கு ராத்திரி கடையை அடைத்த பிறகு கம்ப்யூட்டரில் மக்களவையின் இணையதளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அதிலிருந்து இது ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டில் திட்டு விழுகிறது.

படித்துப் பார்த்ததில் முதலில் தெரிந்துகொண்டது, பேசுவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது அங்கே ஒன்றல்ல, பல தினுசு என்பதுதான். உங்கள் பெட்டிச் செய்தி அத்தனையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்வி இருக்கும், அதற்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் 20-ம் முடியாது, ஐந்தாறைத் தாண்டினாலே பெரிது, மீதிக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். இது போக ஒரு நாளைக்கு 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். இவற்றுக்கு எழுத்தில் மட்டும்தான் பதில், யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எம்.பி.க்களின் கணக்கில் நூற்றுக்கணக்கில் ஏறுகிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அதிலும் ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்தால் எல்லாப் பேரையும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்துவிடுவார்கள், எண்ணிக்கை மட்டும் ஒவ்வொருவர் பேரிலும் ஒன்று கூடும். இது தப்பென்று சொல்லவில்லை, எழுத்துப் பதிலில் சில சமயம் நல்ல சரக்கு கிடைக்கும். ஆனால் அமைச்சரை மடக்க வேண்டுமென்றால் நட்சத்திரக் கேள்விதான். ஏனென்றால் அதில் துணைக் கேள்வி கேட்கலாம். எழுதிக் கொடுத்த பதிலை வாசித்துவிட்டு அமைச்சர் உட்காரும்போது, 'அது சரி, அப்படியானால் இது என்ன?' என்று எழுந்து கேட்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அங்கேதான் ஒரு எம்.பி. விஷயம் தெரிந்தவரா இல்லையா என்பது வெளுக்கும். 15 நாள் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும், ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு நட்சத்திரம்தான். ஆக, சீட்டு விழுந்தது போலக் கிடைக்கிற வாய்ப்பு அது.

அப்புறம் 12 மணிக்கு மேல் பூஜ்ய நேரம். நமக்கு வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவெல்லாம் பெரும்பாலும் இதில் எடுத்ததுதான். நடைமுறை விதிப் புத்தகத்தில் பூஜ்ய நேரம் என்று ஒரு விதியே கிடையாது தெரியுமா, வழக்கமாக வந்து நிலைத்துவிட்டது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, சீட்டில் பேர் வந்தால், ஒன்றிரண்டு நிமிஷம் பேசலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. இன்னொன்று 377-ம் விதி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய வாசகத்தைத்தான் வாசிக்க வேண்டும், 250 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, பதில் பிறகு அமைச்சரிடமிருந்து கடிதமாக வரும். அவையில் கூச்சல் அதிகமாக இருந்தால் வாசிக்காமலே மேசையில் வைத்ததாகப் பதிவாகிவிடும். அதுவும் கணக்குத்தான்.

எங்கள் ஊர் ஜெட்டிப் பக்கத்து டீக்கடையில் ஒரு காட்சி. வாடைக்காற்று, டோக்கன் கொடுக்கவில்லை, கடலுக்குப் போகாமல் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் போனை டம்ளர் மேல் சாய்த்து வைத்து ஒரு எம்.பி. பேசுகிற வீடியோவைப் போட்டான். பின்னால் இசை, கீழே கொட்டை எழுத்தில் 'நாடாளுமன்றத்தை அதிரவைத்த', மேலே தீப்பிடிக்கிற படம். பேச்சு நல்ல பேச்சுதான், மறுக்கவில்லை. ஒரு நிமிஷம் நாற்பது செகண்டில் முடிந்தது, பாட்டு ஓங்கியது. மாஸ்டர் டீ ஆற்றியபடி கேட்டார்: "சரிப்பா, அதுக்கு மந்திரி என்ன சொன்னாரு?" பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீடியோ அதோடு முடிந்துவிட்டது. உங்கள் பேப்பரிலும் மறுநாள் 'நாடாளுமன்றத்தில் எம்.பி. ஆவேசம்' என்று நாலு வரி வந்தது. அதுவும் அதோடு முடிந்துவிட்டது.

மந்திரி என்ன சொன்னார் என்பது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். 1974-ஐச் சொல்கிறேன், இந்தக் கடற்கரையில் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த ஒப்பந்தம் அந்த வருஷம் ஜூன் 26-ம் தேதி கொழும்பிலும் 28-ம் தேதி டெல்லியிலும் கையெழுத்தானது. ஜூலை 23-ம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். அன்றைக்கு எங்கள் ராமநாதபுரம் தொகுதி எம்.பி. பார்வர்டு பிளாக் பி.கே. மூக்கையா தேவர். என் தொகுதி நிலம் இது, ராமநாதபுரம் ராஜாவின் ஜமீனில் இருந்தது என்ற நிலையில் நின்று எதிர்த்துப் பேசினார். தி.மு.க.வின் இரா. செழியன் எதிர்த்தார். 1967-ல் எங்கள் தொகுதியில் ஜெயித்து, 71-ல் பெரியகுளம் போய்விட்ட முஸ்லிம் லீக்கின் முகமது ஷெரீப்பும் எதிர்த்தார். வெளிநடப்பும் நடந்தது. இதெல்லாம் நம் ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு அளவில் தெரியும், மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஆனால் அதே நாளில், அதே அவையில், அந்த அமைச்சர் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மீன்பிடிப்பு, யாத்திரை, படகுப் போக்குவரத்து, இவற்றில் இரு தரப்பும் இதுவரை அனுபவித்து வந்த உரிமைகள் இனிமேலும் முழுசாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்ற பொருளில் அவர் சொன்னார். அமைச்சர் அவையில் சொன்னது, அச்சில் ஏறியது, இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். ஐம்பது வருஷம் கழித்தும் நம் பக்க வாதத்துக்குக் கையில் இருக்கிற உருப்படியான துண்டுகளில் அது ஒன்று. ஒப்பந்தத்தின் 5-வது பிரிவில் நம் மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது. வலை காயப்போடவும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகவும்தான் அது, மீன் பிடிக்க இல்லை என்று பின்னால் அரசே விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. அப்போது 74-ல் அமைச்சர் சொன்ன 'மீன்பிடிப்பு' எங்கே போனது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது இல்லையா? அந்தப் பிடியைக் கொடுத்தது பதில்தான், ஆவேசம் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 74, 74 என்று எல்லாரும் சொல்கிறோம், 76-ஐச் சொல்வதில்லை. 1976 மார்ச் 23-ம் தேதி மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை போடுகிற ஒப்பந்தம் வந்தது, அதோடு இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாக வந்தது அந்தக் கடிதத்தில்தான். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் என்கிற மீன்பிடிக் கடல்பகுதி நமக்கு வந்ததும் அதே ஏற்பாட்டில்தான். அப்போது நெருக்கடி நிலை. ஜனவரி 31-ம் தேதியே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தாகிவிட்டது, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஜெயிலில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 74-ல் கூச்சலாவது போட்டார்கள், ஒரு அமைச்சர் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 76-ல் மடக்கிக் கேட்க எத்தனை பேரை வெளியே விட்டுவைத்திருந்தார்கள்? தங்கச்சிமடத்தில் படகை விற்று வட்டி கட்டிய குடும்பங்களைக் கேட்டால் 74 என்றுதான் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாரும் 76-ஐப் படித்துச் சொல்லவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். மீனவர் கைது பற்றி மக்களவையில் கேட்கப்படுகிற கேள்விகளில் நிறைய இந்த அச்சில்தான் இருக்கும்: (அ) தமிழக மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்வது அரசுக்குத் தெரியுமா, (ஆ) தெரியுமென்றால் அதன் விவரம், (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன. இதற்கு என்ன பதில் வரும் என்று நான் கடையிலேயே டைப் அடித்து வைத்துவிடலாம். அரசு இதற்கு அதிக முன்னுரிமை தருகிறது, உயர்மட்டத்தில் தொடர்ந்து வலியுறுத்துகிறோம், தூதரகம் உதவுகிறது, மீன்வளம் பற்றிய இந்திய-இலங்கைக் கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. முடிந்தது. மாறுவது கைதான ஆட்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

ஆனால் அந்தப் பதிலுக்குள்ளேயே அடுத்த கேள்வி இருக்கிறது. கூட்டுப் பணிக்குழுவை 2016 நவம்பரில் ஏற்படுத்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுவது என்பது அன்றைய ஏற்பாடு. 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது ஆறாவது கூட்டம். எட்டு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் எத்தனை வர வேண்டும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'முப்பதுக்கு மேல் கூடியிருக்க வேண்டிய குழு ஏன் ஆறு தடவைதான் கூடியது, பிடித்து வைத்த படகுகளைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினீர்கள், என்ன பதில் வந்தது?' துணைக் கேள்வி என்றால் இது. ஆவேசமே வேண்டாம், கையில் ஒரு துண்டுச்சீட்டு போதும். கட்சி வித்தியாசம் இல்லாமல் எந்த எம்.பி.யும் கேட்கலாம். யாராவது கேட்டிருந்தால், கேட்டார் என்பதை உங்கள் பேப்பரில் நான் பார்க்கவில்லை. எங்கள் கஷ்டமே அதுதான், கேட்டாலும் தெரிவதில்லை, கேட்காவிட்டாலும் தெரிவதில்லை.

தப்பிக்கிற வழி இன்னொன்று உண்டு. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநில அரசைக் கேளுங்கள் என்பார்கள். உண்மைதான், மாநிலப் பட்டியலில் 21-வது இனம் மீன்வளம். ஆனால் ஒன்றியப் பட்டியலில் 57-வது இனத்தைப் பாருங்கள், ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பும் மீன்வளமும் ஒன்றியத்தின் பொறுப்பு. இதை நான் கடைக்கு வருகிற போட்டித் தேர்வுப் பிள்ளைகளின் புத்தகத்தில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தது எம்.பி. ஆபீசில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது. அப்புறம் எங்கள் பிரச்சினை எந்த அமைச்சகத்துக்குள்ளும் முழுசாக அடங்காது. கைது என்றால் வெளியுறவு, ஆழ்கடல் படகு மானியம் என்றால் மீன்வளம், கடலோரக் காவல்படை என்றால் பாதுகாப்பு, கடல் அட்டையும் பாசி எடுக்கிற பெண்களைத் தீவுப் பக்கம் விடாததும் சுற்றுச்சூழல், பாம்பன் பாலம் ரயில்வே. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு கிழமை. வெளியுறவுக்கு மக்களவையில் வெள்ளிக்கிழமை. ஆளை மாற்றிக் கேட்டால் 'இது எங்கள் அமைச்சகம் இல்லை' என்று தள்ளிவிடுவார்கள், ஒரு கூட்டத்தொடரே போய்விடும்.

கூட்டத்தொடர் என்றதும் ஞாபகம் வருகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது, 61 நாள். அடைத்து வைத்த ஆடு மாதிரி எல்லாப் படகும் ஒரே நாளில் கிளம்பும், கொஞ்ச நாளில் முதல் கைது செய்தி வந்துவிடும். அப்போது நாடாளுமன்றம் நடக்காது, மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஜூலை மூன்றாவது வாரத்தில்தான். ஜூனில் பிடிபட்டவருக்கு ஜூலைக் கடைசியில் கேள்வி. அதற்குள் கைதானவர் வெளியே வந்தாலும் வந்திருப்பார், படகு வந்திருக்காது. ஒரு விசைப்படகுக்குப் பின்னால் சம்மாட்டி, அதாவது படகுக்காரர், ஒருவர் கடனில் நிற்கிறார், கடலுக்குப் போகிற ஏழெட்டுக் கூலிகளின் வீடு நிற்கிறது. ஆள் விடுதலை என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், படகு அங்கே மணலில் கிடந்து பலகை உளுத்துப்போவதை எந்தப் பக்கத்திலும் போடுவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கிற வலை விஷயம். நம் விசைப்படகு அடிமடி போட்டு வாரிக்கொண்டு போவது அந்தக் கரையில் இருக்கிற தமிழ் மீனவர்களின் வலையையும் அறுக்கிறது, இந்தக் கரையில் நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்பையும் கெடுக்கிறது. இலங்கை 2017-லேயே இழுவைமடியைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. அதே வருஷம் ஜூலையில் பிரதமர் ராமேஸ்வரம் வந்தபோது பாக் நீரிணைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மூன்று வருஷத்தில் 2,000 படகு, ஒரு படகு 80 லட்சம், அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநிலம், 20 சதவீதம் பேங்க் கடன், மீதி 10 சதவீதம் மீனவர். இலக்கின் பக்கத்தில் கூடப் போகவில்லை என்பது ஜெட்டியில் நின்று எண்ணிப் பார்த்தாலே தெரியும். எங்கே இடித்தது? பேங்கா, பயிற்சியா, சூரை மீன் பிடிக்க நம் ஆட்களுக்கு வாரக்கணக்கில் கடலில் கிடந்து பழக்கமில்லையா? நான் படித்த பேச்சுகளில் கச்சத்தீவு பத்து தடவை வந்தால் இது ஒரு தடவைதான் வருகிறது. ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இதை எழுதியதற்கே நாளைக்குக் கடைக்கு வந்து இரண்டு பேர் முறைப்பார்கள்.

தமிழில் பேசுகிற எம்.பி.க்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் பேசலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூடவே மொழிபெயர்ப்பார்கள். கேட்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் பிறகு அவைக் குறிப்பில் போய்ப் பாருங்கள், அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'தமிழில் பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று இருக்கும். வல்லம், வத்தை என்கிற படகுப் பேர்களும் சம்மாட்டியும் அங்கே ஏதேதோ இங்கிலீஷ் பேரில் நிற்கும். தங்கச்சிமடத்துக் கஷ்டத்தைத் தமிழில் சொன்னார், அது இங்கிலீஷில் அச்சானது, அதை நான் ராத்திரி பதினொரு மணிக்கு அகராதி வைத்துத் தமிழாக்கி டீக்கடை மாஸ்டருக்குச் சொல்கிறேன். எழுத்துப் பதில்களும் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான். நடுவில் உங்களை மாதிரி ஒரு பேப்பர் எதற்கு இருக்கிறது என்று ராத்திரியில் பல தடவை யோசித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் என் கோரிக்கை இதுதான். எம்.பி. எத்தனை தடவை பேசினார் என்ற கட்டத்தை நிறுத்துங்கள், அல்லது சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் நடக்கிற வாரங்களில் மட்டுமாவது, இந்தக் கடற்கரை சம்பந்தப்பட்ட கேள்வியையும் அமைச்சரின் பதிலையும் தமிழில் முழுசாகப் போடுங்கள். கேள்வியைக் கேட்டவர் எந்தக் கட்சி, எந்த ஊர் என்றாலும் சரி, தூத்துக்குடிக்காரர் கேட்டால் என்ன, நாகப்பட்டினத்துக்காரர் கேட்டால் என்ன, ஆந்திராக்காரர் ஒருவர் கடல் பாசி பற்றிக் கேட்டால் கூட எங்களுக்குப் பிரயோஜனம்தான். பதிலில் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' என்றிருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் அவையில் அப்படிச் சொன்னால் அது வாக்குறுதிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைப் பின்தொடர அரசு வாக்குறுதிகள் குழு என்றே ஒன்று 1953-ல் இருந்து மக்களவையில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்தத் தேதியில் 'என்ன ஆச்சு' என்று நாலு வரி போட்டால் போதும். உங்கள் நிருபர் டெல்லிக்குப் போக வேண்டாம், எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே அடித்து அனுப்புகிறேன், தப்புத்தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

எம்.பி.க்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. 2023 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை இரண்டு அவையிலும் சஸ்பெண்ட் செய்தார்களே, அன்றைக்கு அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி. பார்த்திபன் பேரையும் சேர்த்துவிட்டு அப்புறம் எடுத்தார்கள். சஸ்பெண்ட் ஆன கதை எல்லாப் பேப்பரிலும் வந்தது. சஸ்பெண்ட் ஆனவர்கள் கேட்டிருந்த கேள்விகள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன, அந்தக் கேள்விகள் என்ன என்று எந்தத் தமிழ்ப் பேப்பரிலாவது போட்டார்களா? எனக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்காக உட்கார்ந்து, 15 நாள் முன்னால் யோசித்து, சரியான அமைச்சகத்துக்குச் சரியான கேள்வி அனுப்புகிற எம்.பி. ஒருவர் இருந்தால், அவர் பெயர் வெளியே வர இன்றைக்கு வழியே இல்லை. பதாகையைத் தூக்கிக்கொண்டு அவைக்கு நடுவில் ஓடினால் உடனே வரும். அப்புறம் ஏன் ஓடமாட்டார்கள்?

அந்த அக்கா போன மாதம் மறுபடி கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் வந்துவிட்டார், இப்போது படகுக்குப் போகவில்லை, பாம்பனில் ஐஸ் உடைக்கிற வேலை. மகளுக்கு ஸ்காலர்ஷிப் பாரம் போட வந்தார். நான் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்த ஒரு எழுத்துப் பதிலைக் காட்டி, 'அக்கா, நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, இந்தா பதில்' என்று தமிழில் சொன்னேன். உயர்மட்டத்தில் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம் என்கிற அதே பதில்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அப்புடியே ஒரு காப்பி எடுத்துக் குடு தம்பி" என்றார். எதற்கென்று கேட்டேன். "அடுத்த தடவ ஓட்டுக் கேட்டு வரும்போது கையில வச்சிருப்பேன்ல" என்றார். ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாய் நீட்டினார், நான் வாங்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியதும் முதல் வெள்ளிக்கிழமை வெளியுறவு அமைச்சகத்தின் முறை வரும். பேப்பர் ஏஜெண்டிடம் அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் பத்துப் பிரதி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். டீக்கடைக்கு ஒன்று, ஜெட்டிக்கு ஒன்று, கோயில் வாசலுக்கு ஒன்று, மீதி கடையில் இருக்கும். நீங்கள் போடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்தில் இருந்து ஜெராக்ஸ் கடைக்காரர், உங்கள் நீண்ட நாள் வாசகர்